பிரதம நீதியரசரும் பிலோமினா டீச்சரும்

அன்புள்ள மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். "உம்மா, பிரதம நீதியரசரை மூப்புப்படிதானே போடணும்? அது சட்டமா, வழக்கமா? கெதியா செல்லுங்க, இன்னொரு கோல் வருது" என்று கேட்டாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு "பதினேழாம் திருத்தத்துக்கு முந்தி..." என்று தொடங்கியதுமே உன் மற்ற அழைப்பு வந்து என்னைத் துண்டித்துவிட்டது. முப்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்த ஒருத்தியிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஓடுவது பசித்தவள் முன்னால் சோற்றுச் சகனை வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. ஓய்வுபெற்றதிலிருந்து என்னிடம் எல்லாரும் கேட்பது பிரஷர் குளிசை போட்டாயா என்று மட்டும்தான். ஆகவே, நீ நேரத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்ததற்குத் தண்டனையாக இந்த நீளக் கடிதத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

சட்டத்தரணியான உனக்கு அந்தப் பதில் தெரியாமலில்லை என்பது எனக்கும் தெரியும். "வழக்கம்தான் மகள், மீறலாம்" என்று என் வாயால் வரவேண்டும், அவ்வளவுதான் உனக்குத் தேவை. சின்ன வயதிலும் நீ அப்படித்தான். ஐஸ்கிறீம் சாப்பிடலாமா என்று கேட்க வரும்போதே கையில் ஐஸ்கிறீம் இருக்கும்.

சரி, முதலில் சட்டம். ஜனாதிபதி ஒருவரின் பெயரைக் குறிக்கிறார். அந்தப் பெயர் அரசியலமைப்புப் பேரவைக்குப் போகிறது. சபாநாயகர் தலைமையில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இன்னும் சில உறுப்பினர்கள், பாராளுமன்றத்துக்கு வெளியிலிருந்து மூன்று பேர் என்று அங்கே கூடியிருப்பார்கள். அவர்கள் அங்கீகரித்தால்தான் ஜனாதிபதி நியமிக்கலாம். அதன் பிறகு சத்தியப்பிரமாணம், பூங்கொத்து, பத்திரிகையில் படம். அறுபத்தைந்து வயதானதும் கதிரையை விட்டு எழும்பவேண்டும். எழும்பும் நாள் பிறந்த தேதியிலேயே இருப்பதால் அடுத்தவர் யார் என்று ஊகிப்பது லேசு. என் வகுப்பில் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தேன். உயர் நீதிமன்ற நீதியரசர்களின் பெயர்களைக் கரும்பலகையில் மூப்புப்படி எழுதி, யார் எப்போது ஓய்வுபெறுவார், அப்போது முன்வரிசையில் நிற்பவர் யார் என்று பிள்ளைகளைக் கணக்குப் போட வைப்பேன். சரியாகச் சொன்னால் ஒரு டொபி. ஒரு முறை வரிசையில் இல்லாத ஒருவர் வெளியிலிருந்து நேராக வந்து அமர்ந்துவிட்டார். "டீச்சர், உங்கட கணக்குப் பிழைச்சுப் போச்சு, டொபியைத் தாங்க" என்று முழு வகுப்பும் எழும்பி நின்றது. அன்றைக்கு நாற்பது டொபி வாங்கினேன்.

ஏனென்றால் மூத்தவரைத்தான் போடவேண்டும் என்று அரசியலமைப்பில் ஒரு வரியும் இல்லை. அது பழக்கம். கடைப்பிடித்த காலமும் உண்டு, கடந்துபோன காலமும் உண்டு. பேரவை என்ற சங்கதியே ஒரு இடத்தில் நின்றதில்லை. பதினேழாம் திருத்தம் அதைக் கொண்டுவந்தது. பதினெட்டாம் திருத்தம் அதை எடுத்துவிட்டு, அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவை ஒன்றை வைத்தது. பத்தொன்பது பழையதைத் திருப்பிக் கொண்டுவந்தது. இருபது மறுபடி எடுத்தது. இருபத்தொன்று மறுபடி வைத்தது. இந்த நாட்டில் சமூகக்கல்வி ஆசிரியையாக இருப்பதற்குப் பென்சிலால் குறிப்பு எழுதும் புத்தி வேண்டும். நான் மையால் எழுதிக் கெட்டவள். என் குறிப்புக் கொப்பியின் அந்தப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தாள் ஒட்டியிருக்கிறது.

அந்த மையால் நான் செய்த ஒரு பாவம் உனக்கு நினைவிருக்கும். நீ என் வகுப்பில் இருந்தபோது தவணைப் பரீட்சையில் "பிரதம நீதியரசர் எவ்வாறு நியமிக்கப்படுகிறார்?" என்று கேட்டிருந்தேன். பதினேழாம் திருத்தம் அப்போதுதான் வந்திருந்தது. பாடநூலில் பழையதுதான் இருந்தது. நீ மட்டும் பேரவை, அங்கீகாரம் என்று பத்திரிகையில் வாசித்ததை எழுதியிருந்தாய். நான் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய முட்டை போட்டேன். நீ பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியபோது, "வகுப்பில நான் உன்ட உம்மா இல்ல, போய் இரு" என்று சொன்னேன். என் பிழையைத் திருத்தினால், மகளுக்குப் புள்ளி போட்டாள் என்று மற்றவர்கள் கதைப்பார்கள் என்று பயந்தேன். நீ ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இப்போது எழுத்தில் தருகிறேன், நீ எழுதியதுதான் சரி. ஐந்துக்கு ஐந்து.

உன் வாப்பாவிடம் இந்தக் கேள்வியை வைத்தேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "எவர் வந்தாலும் நம்மட காணி வழக்கு தவணை போட்டுத்தான் போவும்" என்றார். அவருக்கு நீதித்துறை என்றால் அந்த ஒரு வழக்குத்தான். நாங்கள் கலியாணம் முடித்த வருடத்திலிருந்து அது நடக்கிறது.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். உங்கள் நீதிமன்றத்துச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு வெள்ளிக்கிழமை தலைவர் தெரிவு. இதுவரை வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததில்லை, சேவையில் மூத்தவர் பெயரைச் சொல்வார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள், தேத்தண்ணி வரும். இம்முறை மூப்பில், நீ தொழில் பழகிய உன் சேரின் முறை. இளையவர்கள் உன் பெயரைச் சொல்லப் போகிறார்கள். உனக்கும் ஆசை இருக்கிறது. இருக்கட்டும். தலைவியாக வர ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. மூப்பு என்பது திறமை இல்லை என்பதை நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் மூப்பு வழக்கம் ஏன் இருக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறேன். அடுத்தவர் யார் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் யாரும் யாருடைய காலையும் பிடிக்கத் தேவையில்லை. வழக்கத்தை மீறுவதென்றால் காரணத்தோடு, வெளிச்சத்தில் மீறவேண்டும். இதுவரை எல்லாம் பாடம்தான். என்னை உட்கார விடாமல் செய்தது, அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் முந்தி நீ சொன்ன வசனம்.

"சேர் எப்படியும் ஏலாதெண்டுதான் செல்லுவார் உம்மா. அவருக்குக் காதும் மட்டு. அவரக் கரச்சல்படுத்தாம நாங்களே 'சேர் விரும்பல்ல' எண்டு கூட்டத்தில செல்லிட்டு என்ட பேரப் போட்டுடுவோம். அவருக்கும் நல்லம்தானே?"

மகள், அது உன் குரல் இல்லை. என் குரல். சொல்லுக்குச் சொல் என்னுடையது. எப்போது, யாரைப் பற்றி அப்படிச் சொன்னேன் என்பதை இந்தத் திங்கட்கிழமை வரை உன் வாப்பாவுக்கும் சொன்னதில்லை.

நான் அதிபராக வந்த கதை உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பழைய அதிபர் ஓய்வுபெற்றார், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது, உம்மா அதிபர் கதிரையில் அமர்ந்தாள், வீட்டில் வட்டிலப்பம் செய்தோம். உனக்குத் தெரியாதது அந்தக் கடிதத்துக்கு முந்திய கதை. பிலோமினா டீச்சர் சேவையில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவ. தலவிலையிலிருந்து பஸ்ஸில் வந்து முதலாவதாக வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறவ. நோன்பு காலத்தில் என் கடைசிப் பாடத்தையும் எடுத்துவிட்டு, "நீங்க போய்க் கஞ்சி காய்ச்சுங்கோ டீச்சர்" என்று என்னை அனுப்பிவைப்பா. அன்னம்மாள் திருவிழாவுக்கு அவ லீவு போட்டால் அவவின் வகுப்பை நான் பார்ப்பேன். ஒரு நாள் பணிமனையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பிலோமினா டீச்சர் அன்றைக்கு லீவு. அவவின் கணவர் படகில் வழுக்கி விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிகாரி பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "மூப்பில இவதான் முதல். பொறுப்பெடுப்பாவா?" என்று என்னிடம் கேட்டார். "நாளைக்கு வருவா, கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவவுக்கு ஏலாது சேர். வீட்டில பெரிய கரச்சல். கேட்டாலும் மாட்டன் எண்டுதான் செல்லுவா. பாவம், கரச்சல்படுத்த வேணாம்." அவர் தலையாட்டிக்கொண்டு அந்தப் பெயரில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த பெயர் என்னுடையது.

அப்போது அதை இரக்கம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் இரக்கம் என்றால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் எதற்காக எனக்குச் சிரிப்பு வந்தது? எந்தச் சேலையை உடுத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஊதாச் சேலை. முடிவும் எடுத்துவிட்டேன்.

பிலோமினா டீச்சர் எனக்குக் கீழே நாலு வருடம் வேலை செய்தா. ஒரு நாள்கூட முகம் கோணியதில்லை. "அதிபர்" என்று கூப்பிடுவா, அதில் குத்தலும் இருக்காது. ஒரே ஒரு தடவை, இடைவேளையில் பாண் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "பரவாயில்ல டீச்சர். இது உங்கட ஆக்களின்ட பள்ளிக்கூடம்தானே. என்னைப்போல வேதக்காரியை அதிபராய் இருத்த மாட்டாங்க எண்டு எனக்கு முந்தியே தெரியும்" என்றா. கோபமில்லாமல், மழை வரும்போல இருக்கு என்று சொல்வது மாதிரிச் சொன்னா. நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நான் பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டேன். என் ஊர் முழுவதன்மேலும் ஒரு பழியைப் போடவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான், மகள். அந்தப் பரீட்சை முட்டை அதற்குக் கிட்டவும் வராது.

திங்கட்கிழமை காலையில் இதையெல்லாம் உன் வாப்பாவிடம் கொட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கரைவலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அவருக்கு எல்லாமே கடைசியில் கரைவலைதான். எங்கள் கரையில் ஒரு பாட்டில், அதாவது வலை வளைக்கும் ஒரு கரைத்துண்டில், நாலைந்து பேருக்கு வலை இருக்கும், ஒரே நேரத்தில் எல்லாரும் வளைக்க முடியாது, அதனால் முறை வைத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். முறைக்காரன் வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. "அவன்ட வீட்டுக்கு ஆள் அனுப்புவம்" என்றார். "அவனுக்குக் காய்ச்சல் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சா?" "தெரிஞ்சாலும் அனுப்புவம். பாயில கிடந்துகொண்டாவது அவன்ட வாயால 'நீ போடு' எண்டு செல்லணும். பொஞ்சாதி செல்லி ஏலாது, மகன் செல்லியும் ஏலாது. அவன் செல்லாம வலையை இறக்கினா, படுற மீன் முழுக்க அவனுக்குத்தான்." அதைச் சொல்லிவிட்டு, "நீங்க படிச்ச ஆக்கள்தானே, இது கூடத் தெரியாதா?" என்று ஒரு சிரிப்பு. முப்பது வருடம் அரசியலமைப்புப் படிப்பித்தவளை ஒரு வலைக்காரர் அரை நிமிசத்தில் இருத்திவிட்டார். பேரவை எதற்கு என்று நான் பிள்ளைகளுக்கு எவ்வளவோ விளக்கியிருக்கிறேன். ஒருவர் மற்றவரைப் பற்றி மூடிய அறைக்குள் சொன்னதோடு காரியம் முடிந்துவிடக் கூடாது, இன்னும் சில பேர் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்குத்தானே அது. அன்றைக்கு அந்த அதிபர் அறையில் ஜனாதிபதியும் நான், பேரவையும் நான், பதவிக்கு வருகிறவளும் நான்.

செவ்வாய்க்கிழமை, அதாவது நேற்று, நான் தலவிலைக்குப் போனேன். உனக்கு மட்டும் புத்தி எழுதிவிட்டு நான் வீட்டில் இருந்தால், இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நீ முதலில் கேட்கப்போவது "நீங்க போய்ச் சொன்னீங்களா உம்மா?" என்பதுதான். உன் குறுக்கு விசாரணைக்குப் பயந்துதான் போனேன் என்றே வைத்துக்கொள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இருந்து, என்ன சொல்வது என்று மூன்று விதமாகப் பாடமாக்கினேன். இறங்கும்போது மூன்றும் மறந்துவிட்டது.

பிலோமினா டீச்சர் முற்றத்தில் ஒரு பலகையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், "ஆ, அதிபர்! என்ன திடீரெண்டு? கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ" என்றா. நான் இருக்கவில்லை. நின்றபடியே, அதிகாரி வந்த நாள், அவர் கேட்டது, நான் சொன்னது, அவர் இழுத்த கோடு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊதாச் சேலையையும் சொன்னேன். அவ வெட்டுவதை நிறுத்தவில்லை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தா.

"என்னட்டக் கேட்டிருந்தா ஏலாதெண்டுதான் சொல்லியிருப்பன் டீச்சர். அவரைத் தூக்கி இருத்தவே எனக்கு அந்த வருசம் போதாமல் கிடந்தது."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை அவ அடுத்த நிமிசமே திருப்பி எடுத்தா.

"ஆனா அந்த 'ஏலாது' என்னுடையது. அதை நான்தான் சொல்லியிருக்க வேணும். ஒரு தரமாவது ஒரு ஆள் வந்து, 'பிலோமினா, அதிபர் வேலை எடுக்கிறியா' எண்டு கேட்டிருந்தா, நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, வீட்டை வந்து இவரிட்டச் சொல்லி ரெண்டு பேரும் சந்தோசப்பட்டிருப்பம். நீங்க கதிரையை எடுத்தது காரியமில்ல. அந்தக் கேள்வியை எனக்குத் தராம விட்டீங்களே."

நான் அழுதேன், மகள். உன் உம்மா ஒரு மீன் பலகைக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறா. பிலோமினா டீச்சர் அவவுக்கு, "ஒண்டுமில்ல, வெங்காயம் வெட்டுறம்" என்று சத்தம் போட்டா. அங்கே வெங்காயமே இருக்கவில்லை. எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது, அவவுக்கும் வந்தது. ஆனால் சிரித்ததோடு விட்டுவிட்டா என்று நினைக்காதே.

உன் கதையையும் அவவிடம் சொன்னேன். நீ படித்து வழக்காட வந்த காலத்தில், கற்பிட்டியிலிருந்து வந்த முஸ்லிம் பெண்பிள்ளைக்குத் தன் அறையில் ஒரு மேசையைக் காட்டி, "இதில இருங்க" என்றவர் உன் சேர்தான் என்றும் சொன்னேன். "அவருக்கு ஏலுமா ஏலாதா எண்டு உங்கட மகள் அவரிட்டயே கேக்கட்டும்" என்றா பிலோமினா டீச்சர். "கேக்கேக்க ஓம் நான் நிக்கிறன் எண்டு சொன்னா?" என்று நான் கேட்டேன். "அப்ப ரெண்டு பேரும் நிக்கட்டுமன். கடைசியில எண்ணிப் பாக்கத்தானே வோட்டு இருக்கு." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ போட்டியிட்டு அவரைத் தோற்கடித்தால் உன்னைப் பற்றிப் பெருமைப்படுவேன். விட்டுக்கொடுத்தாலும் பெருமைப்படுவேன். அவர் வாயில் இல்லாத ஒரு சொல்லை நீ கூட்டத்தில் எழும்பிச் சொன்னால் மட்டும் எனக்கு முகத்தைக் காட்டாதே. காது மட்டு என்றால் கிட்டப் போய்ச் சத்தமாகக் கேள். அதுவும் கேட்காவிட்டால் எழுதிக் காட்டு.

நான் வெளிக்கிடும்போது பிலோமினா டீச்சர் சோற்றைப் போட்டுவிட்டா. "இருங்கோ, மீன் கறிதான், உங்களுக்குச் சாப்பிடலாம்" என்றா. நான் தயங்கினேன். எந்த முகத்தோடு சாப்பிடுவது? அவ சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினா.

"இவ்வளவு காலமும் உங்கட முழுச் சனத்தோடயும் கோவமாய்த் திரிஞ்சன் டீச்சர். பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாலும் கோவம் வந்தது. நோன்புக் கஞ்சி குடிக்கேக்கையும் ஒரு கசப்பு. ஒரு ஆளோட மட்டும் கோவிச்சிருந்தாப் போதுமாயிருந்திருக்கு. இனி உங்களோட மட்டும்தான். சாப்பிடுங்கோ."

நான் சாப்பிட்டேன். இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டேன். அவ இன்னும் என்னோடு கோபம்தான், திருவிழா முடியும்வரை கோபமாகத்தான் இருப்பாவாம், அதற்குப் பிறகு யோசிக்கலாமாம்.

தபாலை நம்பாமல் இந்தக் கடிதத்தை இன்றைக்கே பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கு வியாழக்கிழமை. உன் சேரின் அறைக்குப் போ, மகள். அவர் கோபிப்பதென்றால் உன்னோடு மட்டும் கோபிக்கட்டும்.

உன் உம்மா